மயிரிழை அளவு: ரவை நிரப்புவதும் நம்ம ஊர்க் கட்டுத்துவக்கும்

யூடியூபில் ‘ரீலோடிங்’ என்று ஒருமுறை தேடினால் போதும், அடுத்த ஒரு மாதத்துக்கு ஃபோனில் வேற எதுவுமே வராது. அமெரிக்காவில் யாரோ ஒரு ஆள் கராஜுக்குள் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். சுட்டு முடித்த பித்தளைக் கோதுகளை ஒவ்வொன்றாக எடுத்து, துடைத்து, அழுத்தி, அளந்து, மறுபடி மருந்து போட்டு, சன்னம் வைத்து, புது ரவையாக வரிசையில் அடுக்குவார். பார்க்கப் பார்க்க ஒரு மயக்கம் வரத்தான் செய்யும். மாத்தளை டவுனிலும் உக்குவளையிலும் றத்தோட்டையிலும் இதை விடிய விடியப் பார்க்கிற பசங்க இருக்கிறார்கள். "இத எப்படிடா ஆரம்பிக்கிறது?" என்று நம்மிடமும் கேட்கிறார்கள்.

கேட்டவர்களுக்கு நம்ம பதில் இது. ரவை நிரப்பும் கலையில் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அது மருந்தும் இல்லை, சன்னமும் இல்லை. அளவு. அந்த அளவை ஒருவன் உண்மையிலேயே புரிந்துகொண்டால், பிறகு நம்ம மாவட்டத்தில் காட்டோரத்திலும் தோட்ட எல்லையிலும் கம்பி கட்டி வைத்திருக்கிற துவக்குகளைப் பார்த்து அவனால் சும்மா இருக்க முடியாது. இது நம்ம நிலைப்பாடு. ஏன் என்று சொல்கிறோம்.

முதலில் சட்டத்தைச் சொல்லி முடித்துவிடுவோம். இலங்கையில் துவக்கை ஆள்வது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம். 1996ல் திருத்தி தண்டனைகளைக் கடுமையாக்கினார்கள். வெடிமருந்துக்கு 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருள் சட்டம். உரிமம் இல்லாமல் வீட்டில் ரவை தயாரித்தால் அதற்குப் பெயர் பொழுதுபோக்கு இல்லை, குற்றம். ஆகவே கீழே எழுதப்போவதை மாத்தளையில் உட்கார்ந்து யாரும் செய்து பார்க்க வேண்டாம். டொரோண்டோவிலோ சிட்னியிலோ உரிமம் எடுத்து, வகுப்புக்குப் போய், சட்டப்படி சுடுகிற சொந்தக்காரர்கள் சிலருக்கு உண்டு. அவர்களுக்கு இது நேரடியாக உதவும். மற்றவர்களுக்கு, நாம் உட்பட, இது ஒரு கணக்குப் பாடம். நம்மில் யாரும் ரவை நிரப்பியவர்கள் இல்லை. படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறோம்.

ஒரு ரைபிள் ரவையில் நாலு பொருள்தான். பித்தளைக் கோது, அதன் அடியில் கேப், உள்ளே மருந்து, வாயில் சன்னம். சுட்டதும் மூன்று போய்விடும், கோது மட்டும் மிஞ்சும். விலையில் பெரும்பங்கு அந்தக் கோதுதான், அதனால்தான் திரும்ப நிரப்பப் பார்க்கிறார்கள். கோதுக்கு உடம்பு, தோள், கழுத்து எல்லாம் உண்டு. போத்தல் மாதிரி மேலே சுருங்குகிற இடம் தோள், சன்னத்தைப் பிடித்திருக்கும் இடம் கழுத்து. வேடிக்கை என்னவென்றால், நாம் அடி என்று சொல்வதைத்தான் ஆங்கிலக்காரன் ‘ஹெட்’ என்கிறான். அவனுடைய ரவை தலைகீழாக நிற்கிறது. ‘ஹெட்ஸ்பேஸ்’ என்ற சொல் குழப்புவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

இப்போது வெடிக்கிற அந்தக் கணத்தைப் பார்ப்போம். .308 வின்செஸ்டர் என்கிற சாதாரண வேட்டை ரவைக்குள் எழக்கூடிய அழுத்தத்தின் உச்ச வரம்பு 62,000 பிஎஸ்ஐ. நம்ம காரின் டயரில் 32 இருக்கும். கிட்டத்தட்ட 2000 டயரின் அழுத்தம் ஒரு விரல் பருமனான பித்தளைக்குள். அந்தப் பித்தளை, 70 பங்கு செம்பும் 30 பங்கு நாகமும், அந்தக் கணத்தில் வீங்கி அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிக்கொண்டு வாயுவைப் பின்னால் வரவிடாமல் அடைக்கிறது. அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்கி விலகுகிறது, அதனால் வெளியே இழுக்க முடிகிறது. சுடுகிறவனின் முகத்துக்கும் அந்த 62,000க்கும் நடுவில் நிற்பது போல்ட்டும் இந்தப் பித்தளையும்தான்.

சரி, ஹெட்ஸ்பேஸ் என்றால் என்ன? ரவையை அறைக்குள் தள்ளி போல்ட்டைப் பூட்டினால், ரவை முன்னால் போகாதபடி அறைக்குள் ஏதோ ஒன்று தடுக்க வேண்டும். .308 மாதிரி விளிம்பில்லாத ரவையில் தடுப்பது தோள். போல்ட்டின் முகத்திலிருந்து அந்தத் தோளில் குறித்த ஒரு வட்டம் வரைக்கும் உள்ள தூரம்தான் ஹெட்ஸ்பேஸ். .308க்கு இதைப் பார்க்க எஃகில் செய்த அளவுக்கட்டைகள் விற்கிறார்கள். ‘கோ’ கட்டை 1.630 அங்குலம், ‘நோ-கோ’ கட்டை 1.634. முதலாவதைப் போட்டால் போல்ட் மூட வேண்டும், இரண்டாவதைப் போட்டால் மூடக்கூடாது. இரண்டுக்கும் இடையில் 4 ‘தவ்’, அதாவது ஓர் அங்குலத்தை ஆயிரம் துண்டாக வெட்டி அதில் நாலு. மில்லிமீற்றரில் சொன்னால் 0.1. உயர்தரத்தில் பௌதிகவியல் செய்தவர்களுக்குத் தெரியும், பள்ளிக்கூட வேணியர் இடுக்கிமானியின் இழிவெண்ணிக்கையே அவ்வளவுதான். அந்தக் கருவியால் பார்க்க முடிகிற ஆகச் சின்ன அளவுக்குள் ஒரு துவக்கின் சரியும் பிழையும் அடங்கிப்போகிறது.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வீடியோக்களில் அதைச் செய்வதில்லை, அது நமக்கு எரிச்சல். ஹெட்ஸ்பேஸ் துவக்கின் குணம். கோதின் அடியிலிருந்து தோள் வரை உள்ள நீளம் கோதின் குணம். இரண்டையும் ஒரே பெயரால் கூப்பிடுகிறார்கள். உண்மையில் ஆபத்தைத் தீர்மானிப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். துவக்கு மிகச் சரியாக இருக்கலாம். ஆனால் நிரப்புகிறவன் அச்சில் போட்டு அழுத்தும்போது தோளை அளவுக்கு மேல் பின்னுக்குத் தள்ளிவிட்டால், நல்ல துவக்குக்குள்ளேயே கெட்ட இடைவெளியை அவன் கையாலேயே உண்டாக்கிவிடுகிறான்.

இடைவெளி கூடினால் நடப்பது இது. ஊசி அடித்ததும் ரவை முன்னால் தள்ளப்படுகிறது. கோதின் மெல்லிய முன்பகுதி வீங்கி அறையோடு ஒட்டிக்கொள்கிறது. தடித்த அடிப்பகுதிக்கு அப்படி ஒட்ட முடியாது, அழுத்தம் அதைப் பின்னால் போல்ட்வரை இழுக்கிறது. நடுவில் உள்ள பித்தளை ரப்பர் மாதிரி நீள்கிறது, மெலிகிறது. முதல் தடவை ஒன்றும் தெரியாது. மூன்றாவது, நாலாவது தடவை நிரப்பும்போது அடிக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரியும். அதற்கும் பிறகு சுட்டால் கோது இரண்டாகப் பிய்யும். பிய்ந்தால் அந்த வாயு வெளியேற வழி தேடும், கண் இருக்கிற பக்கமாகவும் வரும். அனுபவப்பட்டவர்கள் ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கொஞ்சம் வளைத்து, கோதுக்குள் விட்டு சுவரைத் தடவிப் பார்ப்பார்கள். உள்ளே ஒரு பள்ளம் தட்டுப்பட்டால் அந்தக் கோது குப்பைக்கு. பத்து சதம் பெறாத கம்பி ஒரு கண்ணைக் காப்பாற்றுகிறது.

எப்படி அளப்பது என்றால், தன்னுடைய துவக்கில் சுட்ட கோதை எடுத்து, முதலில் பழைய கேப்பைத் தட்டி எடுத்துவிட வேண்டும். கேப் கொஞ்சம் துருத்தி நின்றாலும் அளவு பொய் சொல்லும். பிறகு இடுக்கிமானியின் ஒரு பக்கத்தில் ‘கம்பரேட்டர்’ என்கிற துளையுள்ள சின்ன உருளையைப் பொருத்தி, அந்தத் துளை தோளில் உட்கார, அடியிலிருந்து தோள்வரை வாசிக்க வேண்டும். ஒன்றை அளந்தால் போதாது, பத்துக் கோதாவது. ஒருமுறை மட்டும் சுட்ட கோது அறையை முழுதாக நிரப்பியிருக்காது என்பதால், இரண்டு மூன்று தரம் சுட்டவற்றின் அளவை நம்புவது நல்லது. பிறகு அச்சை மெல்ல மெல்ல இறக்கி, தோள் 2 தவ் மட்டும் பின்னால் போகும்படி அமைப்பார்கள். கையால் போல்ட் இழுக்கிற ரைபிளுக்கு அது போதும். தானாக ஏற்றிக்கொள்கிற ரைபிளுக்கு 3 அல்லது 4. சிகரெட் சுற்றுகிற மெல்லிய தாள் ஒன்று ஒரு தவ் பருமன். இரண்டு தாள். விஷயம் முழுக்க அவ்வளவுதான்.

இதில் நமக்குப் பிடித்த ஒன்று உண்டு. அந்த எண் அடுத்தவனுக்கு உதவாது. உங்கள் கம்பரேட்டரும் என் கம்பரேட்டரும் ஒரே கோதில் வேறு எண் காட்டும். ஒரே கம்பனியின் ஒரே பெயருள்ள இரண்டு ரைபிளின் அறைகூட ஒன்றில்லை. இராணுவம் சுட்டுப்போட்ட 7.62 நேட்டோக் கோது .308 மாதிரியே இருக்கும், ஆனால் இராணுவ அறைகள் நீளமாக இருக்கலாம், இயந்திரத் துவக்கில் சுட்டது இன்னும் நீண்டிருக்கும். ஆகவே இன்டர்நெட்டில் ஒருத்தன் போட்ட எண்ணைப் பார்த்து எழுதிக்கொள்வதில் பிரயோசனம் இல்லை. நீயே அளக்கணும், உன் துவக்கில் அளக்கணும், ஒவ்வொரு தடவையும் அளக்கணும்.

வெளிநாட்டில் தொடங்குகிற நம்மவர்களுக்கு ஒன்று: முதலில் பிரஸ் மெஷின் வாங்காதீர்கள். எல்லாரும் அதைத்தான் வாங்குகிறார்கள், படத்தில் அழகாக இருப்பது அது என்பதால். முதலில் அச்சடித்த ஒரு நல்ல ரீலோடிங் கையேடு, பிறகு இடுக்கிமானி. ஏற்கனவே கையில் இருக்கிற கோதுகளை ஒரு மாதம் அளந்து கொப்பியில் எழுதிப் பாருங்கள். அது அலுத்துப்போனால் இந்த வேலை உங்களுக்கு ஆகாது, கடையில் ரவை வாங்கிச் சுடுங்கள். பழைய .303 லீ என்ஃபீல்டு ஒன்றை மலிவாக வாங்கியிருந்தால், சுடுவதற்கு முன் துவக்குத் திருத்துபவரிடம் காட்டுங்கள். அதில் தடுப்பது தோள் இல்லை, அடியிலுள்ள விளிம்பு. பிரித்தானிய இராணுவ அளவு 0.064இலிருந்து 0.074 அங்குலம் வரை. தேய்ந்த துவக்கைச் சரிசெய்ய 4ஆம் மாதிரிக்கு 0, 1, 2, 3 என்று எண் போட்ட போல்ட் தலைகளையே செய்து வைத்திருந்தார்கள். போரின் நடுவிலும் ஒரு தேசம் அதை அளந்துகொண்டிருந்தது.

அந்த .303 ரவைக்குள் இருந்த கோடைற் மருந்தை நீலகிரி அருவங்காட்டிலும் 1900களின் தொடக்கத்திலிருந்து செய்தார்கள். ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு நம்ம சொந்தங்கள் போய்ச் சேர்ந்து தேயிலை பறித்த அதே நீலகிரி. வெள்ளைக்காரன் தேயிலையையும் மருந்தையும் ஒரே மலையில் வைத்திருந்தான் என்பது ஏனோ நமக்கு ஆச்சரியம் தரவில்லை.

இனி நம்ம மாவட்டத்துக்கு வருவோம்.

லக்கல, வில்கமுவ, நாவுல பக்கத்துக் காட்டோரங்களில், தோட்டங்கள் காட்டைத் தொடுகிற எல்லைகளில், கட்டுத்துவக்கு வைக்கிறார்கள். பெயருக்குத்தான் துவக்கு. ஒரு இரும்புக் குழாய், உள்ளே மருந்தும் கிடைத்த இரும்புத் துண்டும், பாதைக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கம்பி. காட்டுப்பன்றி வந்து கம்பியைத் தட்டினால் வெடிக்கும். இதில் அறை இல்லை, கோது இல்லை, போல்ட் இல்லை, ஆகவே ஹெட்ஸ்பேஸும் இல்லை. அளந்து செய்த எதுவும் அதில் இல்லை. ஒன்றைத் தவிர: உயரம். பன்றியின் நெஞ்சு உயரத்துக்குக் குழாயைக் கட்டுகிறார்கள். அந்த உயரத்தில் மனிசனுக்கு இருப்பது முழங்கால். இந்த நாட்டு வைத்தியசாலைகளுக்கு வருகிற கட்டுத்துவக்குக் காயங்களில் பெரும்பாலானவை காலில் இருப்பது அதனால்தான். எலும்பு நொறுங்கும், துருவும் மண்ணும் உடுப்புத் துணியும் சதைக்குள் போகும், சிலருக்குக் காலை எடுக்க வேண்டி வரும்.

யாருடைய கால்? விறகு பொறுக்கப் போகிறவளின் கால். மாட்டுக்குப் புல் அறுக்கப் போகிறவனின் கால். மஞ்சள் வெயிலில் குறுக்குப் பாதையால் வீட்டுக்கு வருகிறவரின் கால். சில நேரம் கட்டியவனே மறந்துபோய்த் தட்டிவிடுகிறான். சுடுகிற ஆள் அங்கே இல்லை. இலக்கைப் பார்க்க ஒரு கண் இல்லை. ரவை நிரப்புகிறவன் இரண்டு தாள் பருமனுக்கு ஒரு பின்னேரம் முழுக்கச் செலவழிக்கிறான். கட்டுத்துவக்குக்காரன் யார் வருவார் என்பதைக்கூடப் பார்க்காமல் போய்ப் படுத்துவிடுகிறான். முன்னதை ரசித்துப் பார்த்துவிட்டு பின்னதை "அது ஊர் வழக்கம்" என்று விட்டுவிட முடியாது என்பதுதான் நாம் சொல்ல வந்தது.

"அவன் என்ன செய்வான், விதைச்சதெல்லாம் ஒரு ராத்திரியில போகுது" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் துவக்கை மட்டும் திட்டுவதில் அர்த்தமில்லை. ஆனால் பதிலைத் தேடினால் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்த மலைநாட்டில் துவக்கு எப்போதும் இப்படி அளவில்லாமல் இருந்ததில்லை.

கண்டி இராச்சியத்தில் துவக்குச் செய்கிற கைவினைஞர்கள் இருந்தார்கள். 1765ல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டுக் கொண்டுபோனவற்றில் சிலதை 2023ல் நெதர்லாந்து திருப்பித் தந்தபோது, லெவ்கே பீரங்கியோடு இரண்டு துவக்குகளும் வந்தன. குழாயின் உள்ளளவு தெரியாத கை அப்படிப்பட்ட வேலையைச் செய்திருக்காது. பிறகு வெள்ளைக்காரன் வந்தான். 1848 ஜூலையில் ஆளுநர் டொரிங்டனின் ஆட்சி துவக்குக்கும் நாய்க்கும் வண்டிக்கும் கடைக்கும் உரிமக் கட்டணம் போட்டது. பயிரைக் காக்கிறவனுக்குத் துவக்கும் நாயும்தானே இரண்டு கை. இரண்டுக்கும் வரி. அந்த மாதமே தம்புள்ள விகாரையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டினார்கள், வீர புரன் அப்புவின் ஆட்களோடு கூட்டம் மாத்தளைக்கு வந்து கச்சேரியைத் தாக்கி வரிப் பதிவேடுகளை எரித்தது. ஆகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் புரன் அப்புவைச் சுட்டுக் கொன்றார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் மாத்தளைக் கலவரம் என்று இரண்டு பந்தியில் படித்திருப்போம், துவக்கு வரி என்ற சொல்லைக் கவனித்திருக்க மாட்டோம்.

அந்த நேரத்தில் நம்ம பாட்டன்மார் மன்னாரில் இறங்கி, வடக்குப் பாதையால் தம்புள்ள காட்டுக்குள் நடந்து, வழியில் காய்ச்சலுக்கும் பட்டினிக்கும் சாகாமல் மிஞ்சியவர்கள் மாத்தளைக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இந்தச் சண்டையில் துவக்கும் இல்லை, வயலும் இல்லை. பிறகு தோட்டங்களில் துவக்கு யாரிடம் இருந்தது என்றால் துரையிடம். 1900ல் துரைமார் தங்களுக்கென்றே ‘சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர்’ என்று ஒரு படையை அமைத்துக்கொண்டார்கள், தலைமையகம் கண்டியில். அளந்து செய்த ரைபிள், அளந்து செய்த ரவை, சுட்டுப் பழக மைதானம், எல்லாம் அவர்களுக்கு. நம்ம ஆட்களுக்குத் துவக்கின் மறுபக்கம்தான் தெரியும். 1940 ஜனவரியில் ஹேவாஹெட்ட முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் பொலிஸ் சூட்டில் விழுந்தது அந்தப் பக்கத்தில்தான்.

1916 சட்டம் துவக்குச் செய்வதை உரிமத்துக்குள் கொண்டுவந்ததில் பிழை சொல்ல மாட்டோம். துவக்குகள் கண்டபடி புழங்குகிற ஊரை நாம் கேட்கவில்லை. ஆனால் சட்டம் கைவினைஞனை மறைந்துபோகச் செய்தது, தேவையை மறைந்துபோகச் செய்யவில்லை. தேவை இருந்துகொண்டே இருந்தது, குழாய் பொருத்துகிறவன் இருட்டுக்குள் போனான். இருட்டில் இடுக்கிமானி இல்லை. கட்டுத்துவக்கும் இடியன் துவக்கும், யானைக் குட்டிகளின் வாயைக் கிழிக்கிற ஹக்கபட்டாஸும் அந்த இருட்டில் பிறந்தவை.

பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமத்தோடு துவக்கு எடுக்கலாமே என்பார்கள். எடுக்கலாம், மாவட்டச் செயலகத்துக்குப் போய் விண்ணப்பிக்கலாம், காணி இருக்கிறவர்களுக்கு. லயத்துக் காம்பராவுக்குப் பின்னால் நாலு பாத்தி கிழங்கும் போஞ்சியும் மிளகுக்கொடியும் வைத்திருக்கிற நம்ம ஆட்களுக்கு உறுதி எங்கே இருக்கு? வீடு கம்பனியுடையது, மண் கம்பனியுடையது, பன்றி தின்னுகிற கிழங்கு மட்டும் இவர்களுடையது. அப்படியே துவக்கு கிடைத்தாலும் அது தீர்வாகும் என்று நாம் நம்பவில்லை. மாத்தளையில் மிளகுக்கும் தென்னைக்கும் வாழைக்கும் பெரிய எதிரி பன்றியைவிட குரங்கு. கூட்டமாக வருகிற குரங்கைத் துவக்கால் எத்தனை நாள் விரட்ட முடியும்? 2023ல் ஒரு லட்சம் குரங்கைச் சீனாவுக்கு அனுப்பப் போவதாகப் பேசினார்கள். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து 5 நிமிடம் நாடு முழுக்க வீட்டு வாசலில் நின்று குரங்கும் மயிலும் எண்ணினோம். ஊர் முழுக்கச் சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. எண்ணிக்கை சரியோ பிழையோ, ஒரு பிரச்சினையை முதலில் எண்ணிப் பார்க்கலாம் என்று ஒரு அரசாங்கத்துக்குத் தோன்றியதே பெரிய விஷயம். அதே மனசு கட்டுத்துவக்கு மேலும் வர வேண்டும்.

இந்த மாவட்டத்தில் வருசத்துக்கு எத்தனை பேர் கட்டுத்துவக்கில் அடிபடுகிறார்கள், எந்தக் கிராம சேவகர் பிரிவில், என்ன வேலைக்குப் போகும்போது என்று பிரதேச செயலகச் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டச் சொல்லிக் கேட்போம். டெங்குக்கு ஒட்டுகிறார்கள்தானே. கால் போனவர் வைத்தியசாலையில் கண் விழித்ததும் முதலில் கேட்கப்படுவது "நீ ஏன் அங்க போன?" என்பதாக இருக்கக்கூடாது. விறகுக்குப் போவது குற்றமில்லை. பெயர் கேட்காமல், வழக்குப் போடாமல், கட்டிய துவக்கைக் கழற்றிக் கொடுக்க ஒரு மாதம் அவகாசம் கொடுத்துப் பார்க்கலாம். நிறையப் பேர் பயத்தில்தான் கழற்றாமல் இருக்கிறார்கள், கழற்றப் போனால் பிடிபடுவோம் என்று. மற்றது வேலி. மின்வேலியோ, முள்வேலியோ, தோட்ட எல்லையில் யார் போட வேண்டும் என்பதைக் கம்பனியும் வனத் திணைக்களமும் பிரதேச சபையும் ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டு இருக்கும்வரைக்கும் அந்த இடத்தைக் கம்பிதான் நிரப்பும்.

இன்னொரு எதிர்ப்பும் வரும், நம்ம வயசுக்காரர்களிடமிருந்தே. ரவை நிரப்புவதைப் பற்றி எழுதினால் பசங்க அதைச் செய்யப் போகமாட்டார்களா என்று. நாம் அப்படி நினைக்கவில்லை. அளவு தெரியாதவன்தான் குழாய்க்குள் மருந்தை அள்ளிப்போட்டுவிட்டுத் தூரப் போகிறான். இடைவெளி அளவுக்கு மேல் கூடினால் பித்தளை பிய்யும் என்று தெரிந்தவன் தண்ணிக் குழாயில் செய்த துவக்குக்குப் பக்கத்தில் நிற்கவே பயப்படுவான். அந்தப் பயம் நல்ல பயம். பள்ளிக்கூடத்தில் நுண்மானித் திருகுக்கணிச்சியைக் கையில் தந்து கம்பியின் விட்டத்தை அளக்கச் சொன்னார்கள், எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. பூச்சிய வழுவைக் கழிக்காவிட்டால் ஒரு புள்ளி குறையும் என்று மட்டும் தெரியும். ஒரு கண் குறையும் என்று சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் கவனமாகக் கேட்டிருப்போம்.

அதுவரைக்கும் காட்டுப் பாதையில் போகிறவர்களுக்கு. தனியாகப் போகாதீர்கள். முழங்கால் உயரத்தில் குறுக்கே கம்பியோ நைலோன் நூலோ தெரிந்தால் தொடவும் வேண்டாம், அறுக்கவும் வேண்டாம், வந்த அடியிலேயே பின்னால் போங்கள். இரண்டு பக்கமும் கிளை ஒடித்துப் போட்டு அடையாளம் வையுங்கள், 119க்குச் சொல்லுங்கள், லயத்திலும் சொல்லுங்கள். யாருக்காவது அடிபட்டுவிட்டால் சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் அழுத்திப் பிடியுங்கள், விடாமல் பிடியுங்கள். உள்ளே இருக்கும் இரும்பை இழுக்காதீர்கள். கோப்பித்தூள் போடாதீர்கள், எந்தப் பாட்டி சொன்னாலும் சரி. காலை இரண்டு தடிக்கு நடுவில் வைத்து ஆடாமல் கட்டுங்கள். 1990க்கு எடுத்தால் சுவசெரிய வண்டி வரும், காசு இல்லை. சிக்னல் கிடைக்காத மலையாக இருந்தால் ஒருவர் அழுத்திப் பிடித்திருக்க, மற்றவர் றோட்டுக்கு ஓட வேண்டும். தனியாகப் போகாதீர்கள் என்று முதலில் சொன்னது அதற்காகவும்தான்.